படுத்த கோடுகள் மட்டும் மறைந்த மூன்று மாதம்

தம்பி,

நீ வெளிநாட்டு வேலைக்காக விமானம் ஏறி இன்றோடு பத்து நாள். தினமும் போனில் பேசுகிறோம். ஆனால் "சாப்பிட்டீங்களாம்மா" என்று நீ கேட்பதும் "நீ சாப்பிட்டியாடா" என்று நான் கேட்பதுமாகவே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. உங்கப்பா நடுவில் புகுந்து அங்கே குளிர் எத்தனை டிகிரி என்று விசாரித்து, அது அவர் ஓட்டுகிற பஸ்ஸின் ஏசியைவிட அதிகமா குறைவா என்று ஆராய்ந்து முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பது வருடமாக நான் வரைந்ததெல்லாம் கட்டடங்களில் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்கிற வரைபடங்கள்தான். வளைத்து நெளித்து எழுத வராது. பொறுத்துக்கொண்டு படி.

கண் விஷயத்தில் உனக்குப் பாதிதான் தெரியும். நான் உன்னிடம் அழுத அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில வாரம் முன்பிருந்துதான் நான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை, தம்பி. தீபாவளிப் பலகாரம் தீர்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. மூன்று மாதம், என் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று நான் முழுதாக நம்பினேன். உன்னிடமும் சொல்லவில்லை, பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரிடமும் சொல்லவில்லை.

ஆரம்பம் சாதாரணம். துவாஸில் ஒரு தொழிற்சாலைக்கான வரைபடம். கம்பெனி அலுவலகத்தைச் சுருக்கி எங்களையெல்லாம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன பிறகு, நீ எனக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்த அந்தப் பழைய லேப்டாப்பில்தான் எல்லாம் வரைகிறேன், உனக்குத் தெரியும். ஒரு நாள் இரண்டு தண்ணீர்த் தெளிப்பான்களுக்கு நடுவே இருக்க வேண்டிய குழாய்க்கோடு இல்லை. சரி, மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று ஒன்று வரைந்தேன். மறுநாள் வேறொரு இடத்தில் இல்லை. அங்கேயும் வரைந்தேன். நாலாம் நாள் சைட்டிலிருந்து செல்வம் கூப்பிட்டார். திருச்சியில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே இஞ்சினியராக இருக்கிறாரே, அவர்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரே பைப்பு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு தடவை இருக்கு. வேணும்னு போட்டீங்களாக்கா?" என்றார். எனக்குக் காது சுட்டது. என் வரைபடத்தில் அப்படி ஒரு கேள்வி அதுவரை யாரும் கேட்டதில்லை. ஏதோ சமாளித்துவிட்டு போனை வைத்துவிட்டு அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கோடும் இருந்தன. அப்படியென்றால் முதல் கோடு அங்கேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அதிலிருந்து நான் கோடுகளைக் காவல் காக்க ஆரம்பித்தேன். வரைபடத்தை மேலே தள்ளி நிறுத்தினால் எங்கேயாவது ஒன்று காணாமல் போயிருக்கும். பதறிப்போய் மவுசை அங்கே கொண்டுபோய்க் கூர்ந்து பார்த்தால் வந்துவிடும். இதுதான் என்னைக் கொன்றது. கவனமாகப் பார்த்தால் தெரிகிறது, சும்மா பார்த்தால் தெரியவில்லை என்றால் கண்ணில்தானே கோளாறு? கறை கண்ணுக்குத் தெரிகிறதா என்று கழுவிய தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எதுவும் மறைகிறதா என்று எதிர் அடுக்குமாடி புளோக்கின் ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். உங்கப்பா "என்ன, அந்த வீட்டை விக்கப் போறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நம் வீட்டுப் பக்கம் ஈசூனில் கண்ணாடிக் கடைக்குப் போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, ஊர்த் தமிழரெல்லாம் கூடுகிற தேக்காவுக்குப் போனேன். என் புத்தியைப் பார். தேக்காவில் இறங்கி நூறு அடி நடப்பதற்குள் மூன்று பேர் "என்னக்கா, இந்தப் பக்கம்?" என்று கேட்டாயிற்று. கடைக்காரர் பரிசோதித்துவிட்டு, "நம்பர் மாறலைம்மா. ஆனா கோடு மறையுதுன்னு சொல்றீங்க, அது விழித்திரை சம்பந்தப்பட்டதா இருக்கலாம். பாலிகிளினிக் போங்க" என்றார். ஒரு கட்டம் போட்ட அட்டையைக் காட்டினார். எல்லாக் கோடும் சரியாகத்தான் தெரிந்தது. "இதே மாதிரி கட்டம் இன்டர்நெட்ல இருக்கு, வீட்டுல தினம் ஒரு தடவை பாத்துக்குங்க" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். கீழிருந்து மூன்றாவது கோடு இல்லை.

எதில் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். அதே லேப்டாப்பில். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. தினமும் காலையில் காபி குடிப்பதற்கு முன் அந்தக் கட்டத்தைத் திறந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எனக்கு நானே தண்டனை வாசித்துக்கொண்டேன்.

அரசாங்கப் பாலிகிளினிக் டாக்டர் கண் நிபுணரிடம் அனுப்பினார். தேதி, நீ விமானம் ஏறும் நாளுக்கு ஒரு வாரம் கழித்து விழுந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நீ போகும்வரை தெரியாமல் இருக்கட்டும். ஏன் அப்படி நினைத்தேன் என்று சொன்னால்தான் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது நீ வெளிநாட்டில் படிக்கக் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டாய். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றாய். அடுத்த வருடம் அது கிடைக்கவில்லை. நான் உன்னிடம் அழுது புலம்பினேன், ஏன்டா விட்டாய் என்று. அந்த அழுகையில் பாதி பொய். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறான் என்று. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதே தப்பை இன்னொரு முறை செய்யக் கூடாது என்றுதான் வாயை இறுக மூடிக்கொண்டேன். வேலையை விட்டுவிடுவதாக மேலாளருக்கு ஒரு கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். நீ போன மறுநாள் அனுப்புவதாக இருந்தேன்.

நடுவில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, தாங்கமாட்டாமல் உன்னிடம் ஜாடையாகக் கேட்டேன். கோடு மறைந்திருந்தபோது திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து உனக்கு அனுப்பி, "இதுல ஏதாவது குறையுதா பாரு" என்று எழுதினேன். நீ அப்போது தங்கியிருந்த பொங்கோலிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் இருந்திருப்பாய். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "எல்லாம் கிளியரா இருக்கும்மா. கண்ணு செக் பண்ணி ரொம்ப நாளாச்சுல்ல, ஒரு தடவை பண்ணிக்குங்க." அந்தப் பதிலை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். திரையில் கோடு இருக்கிறது, என் பிள்ளைக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அதற்குமேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அதன் பிறகுதான் வேலையை விடும் கடிதத்தை எழுதினேன்.

என்னை மாட்டிவிட்டது கீரை. பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லது என்று தேக்கா மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக வாங்கிவந்து பொரியல், கூட்டு, சூப் என்று செய்துகொண்டே இருந்தேன். உங்கப்பா எதைப் போட்டாலும் சாப்பிடுவார், ஏன் என்று கேட்கமாட்டார். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாய். "ஏம்மா, ஆடு ஏதாச்சும் வளக்குறீங்களா?" என்றாய். நான் சிரிக்கவில்லை. நீயும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜ் கதவை மூடினாய். "அம்மா, என்னா விஷயம், சொல்லுங்க" என்றாய். மூன்று மாதம் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு கேள்வியில் உடைந்துபோயிற்று. அடுப்பங்கரையில் நின்றபடி அழுதுகொண்டே சொன்னேன், எத்தனை நாளாக என்பதை மட்டும் விட்டுவிட்டு. கட்டத்தில் கோடு இல்லை என்பதைச் சொன்னபோது நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய்.

அப்புறம் நீ ஒரு கேள்வி கேட்டாய் பார், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "மறையுறது படுத்த கோடா, நிக்கிற கோடா?"

நான் யோசித்தேன். அதுவரை யோசித்ததே இல்லை. முப்பது வருடம் கோடு போட்டவளுக்கு அது தோன்றவில்லை. "படுத்த கோடுதான்டா. நிக்கிறது ஒண்ணுகூட மறைஞ்சதில்ல."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

நீ கையைத் துடைத்துக்கொண்டு நேரே போய் லேப்டாப்பைத் திறந்தாய். வரைபடத்தை மேலே தள்ளச் சொன்னாய். "மவுசைத் தொடாதீங்க. அப்படியே விடுங்க. இப்ப இருக்கா?" இல்லை என்று சொன்னேன், விரலால் காட்டினேன். நீ குனிந்து பார்த்தாய். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, லேப்டாப் திரையை ஒரு படம் எடுத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினாய். அந்தப் படத்திலும் கோடு இல்லை.

"எனக்கும் தெரியலம்மா. போனுக்கும் தெரியல. மூணு பேருக்குமா கண்ணு போயிடுச்சு?" என்றாய். அப்படிச் சொல்லிக்கொண்டே நீ அழுதாய். நான் முதலில் சிரித்தேன், பிறகுதான் சோபாவில் உட்கார்ந்தேன். உங்கப்பா டாய்லெட்டிலிருந்து வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார். யாரும் போகவில்லை. என் கண் எனக்குத் திரும்பி வந்திருந்தது. அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு அந்தக் கீரைக்கூட்டைக்கூட ருசித்துச் சாப்பிட்டேன்.

நீ விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் போனில் திருத்து. படம் அசையாமல் நிற்கும்போது கரண்டு மிச்சம் பிடிக்க கம்ப்யூட்டர் கண்ணயர்ந்துவிடும். திரை தன்னிடம் இருக்கும் நகலைக் காட்டிக்கொண்டிருக்கும். ஏதாவது மாறினால் மாறிய வரிசைகளை மட்டும் கம்ப்யூட்டர் அனுப்பிவைக்கும். அப்படி அனுப்பும் கணக்கில் ஓர் ஓரத்து வரிசை விட்டுப்போகிறது. அந்த வரிசையில் ஒரு படுத்த கோடு இருந்தால் அது திரைக்கு வந்து சேராது. மவுசு அந்தப் பக்கம் போனால் அந்த இடம் புதிதாக அனுப்பப்படும், கோடு வந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் படத்தை எடுக்கிறது, திரைக் கண்ணாடியில் தெரிவதை எடுப்பதில்லை. அதனால் அதில் எல்லாம் சரியாக இருக்கும்.

கரண்டு மிச்சம் பிடிக்கும் அந்த வசதியை அணைத்ததும் ஐந்து நிமிடத்தில் என் கோடுகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றுவிட்டன. எனக்கு அது போதும். உனக்குப் போதவில்லை. "இதே லேப்டாப்பு வச்சிருக்கிற வேற யாராச்சும் இருப்பாங்கம்மா" என்றாய். எந்த மாற்றத்தில் இது கெட்டது என்று தேட ஆரம்பித்தாய். அந்த லினக்ஸில் நல்லதாக இருந்த பதிப்பு ஒன்று, கெட்டுப்போன பதிப்பு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எடுத்து என் லேப்டாப்பில் போடுவது; நான் பார்த்து இருக்கிறது, இல்லை என்று சொல்வது; மீதியில் மறுபடி பாதி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம், பதின்மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நான் வரைபடத்தைத் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டாவது தடவை "இருக்குற மாதிரி இருக்கு" என்றேன். "மாதிரி எல்லாம் கூடாதும்மா, இருக்கா இல்லையா?" என்று அதட்டினாய். எனக்குப் பிடித்திருந்தது. என் வேலையில் புதிதாகச் சேருகிறவர்களை நானும் இப்படித்தான் அதட்டுவேன்.

இத்தனை வருடம் நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது. திரையில் கோடும் எழுத்தும் படமும் வரைகிற நிரல்களைச் சரிசெய்கிறாய் என்று நீ சொல்வாய், நான் தலையாட்டுவேன். சொந்தக்காரர் கல்யாணங்களில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். நீ பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாய். ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீ உயர்நிலை மூன்றில் படிக்கும்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ மாற்றிப் போட்டு, திரை கறுப்பாகி, மறுநாள் நான் கொடுக்க வேண்டிய வரைபடம் மாட்டிக்கொண்டதே, அப்போது நான் கம்ப்யூட்டரின் கரண்டு வயரைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நாலு மாதம் வேலைக்குக் கொண்டுபோனேன். பெரிய தண்டனை கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோராவது சோதனைக்குக் காத்திருக்கும்போதுதான் நீ சொன்னாய், ரைஸ் குக்கர் வயரும் அதற்குப் பொருந்தும் என்று. திருடா. அந்த நாலு மாதமும் நான் குக்கரில் சோறு ஆக்கிவிட்டு வேலைக்குப் போனதும் நீ குக்கர் வயரைச் சொருகிக்கொண்டு அந்தக் கறுப்புத் திரையைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டிருக்கிறாய். அந்த வயரை நான் சுமந்த சுமை என் தோளுக்குத்தான் தெரியும்.

கெடுத்த மாற்றத்தைக் கண்டுபிடித்து, திருத்தத்தை லினக்ஸைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு அனுப்பும்போது, யார் சொன்னார்கள், யார் சோதித்தார்கள் என்று கீழே பெயர் போடுவது உங்கள் வழக்கம் என்றாய். "உங்க பேர் போடட்டுமாம்மா?" என்று கேட்டாய். எதற்குடா என்றேன், ஆனால் எழுத்து சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். அவர்களில் எங்கேயோ இருக்கும் ஒருவர், சோதித்தவர் மவுசைத் தொடாமல் பார்த்தாரா என்று கேட்டு எழுதியிருந்தார். நீ பதில் எழுதப் போனாய். நகரு, கேள்வி என்னிடம்தானே என்று நானே எழுதினேன். படுத்த கோடு மட்டும், நின்ற கோடு இல்லை, மவுசு தொடவில்லை, இத்தனை முறை பார்த்தேன். நாலு வரிதான். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்வதில்லை என்று அவர் நன்றி சொன்னார். அந்த மின்னஞ்சலை உங்கப்பா அவருடைய பஸ் நண்பர்களுக்கெல்லாம் காட்டிவிட்டார்.

செல்வத்திடமும் உண்மையைச் சொன்னேன். "அக்கா, உங்களுக்கு மறதி நோய் வந்துடுச்சோன்னு நான் பயந்துட்டேன். ரெட்டைக் கோட்டையெல்லாம் நானே அழிச்சுட்டுத்தான் மேல அனுப்பிட்டு இருந்தேன்" என்றார். மூன்று மாதம், அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்திருக்கிறார், நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்திருக்கிறேன். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

உன் பங்குக்கும் ஒரு தப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத யார் திரை சரியில்லை என்று சொன்னாலும், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், போனில் படம் எடுத்து அனுப்புங்கள், எப்போதிலிருந்து, எந்தப் பதிப்பு என்று கேட்பதுதான் உன் வேலை என்று நீயே சொன்னாய். அம்மாவிடம் மட்டும் ஒன்றையும் கேட்கவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று இரண்டு நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டாய். அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. அன்றைக்கே நீ பத்துத் தடவை வருத்தப்பட்டாய். நாளைக்கு உனக்கு ஒரு மனைவி வருவாள், பிள்ளைகள் வருவார்கள். எனக்கு இது சரியாகத் தெரியவில்லை என்று அவர்களில் ஒருவர் சொன்னால், அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பதில் சொல். வேலைக்குப் போகிற ரயிலில் நின்றுகொண்டு சொல்லாதே.

வேலையை விடும் கடிதத்தை அழித்துவிட்டேன். ஆனால் நிபுணரிடம் வாங்கிய தேதியை ரத்து செய்யவில்லை. திரைதான் கெட்டது என்று தெரிந்த பிறகும் போனேன். மூன்று நாளைக்கு முன். கண்ணில் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். அன்று போனில் நீ கேட்டபோது "ஒண்ணுமில்லைடா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு உறுத்தியது. அதனால்தான் இந்தக் கடிதமே.

விழித்திரை நன்றாக இருக்கிறது. இடது கண்ணில் புரை லேசாக ஆரம்பித்திருக்கிறது. இந்த வயதில் பலருக்கும் வருவதுதான், இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வருடம் ஒரு முறை வந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். என்றைக்காவது ஆபரேஷன் தேவைப்படலாம், அது சின்னதுதான் என்றும் சொன்னார். அவ்வளவுதான், இதற்குமேல் நான் எதையும் மறைக்கவில்லை. நீ டிக்கெட் பார்க்காதே. நான் பயந்தால் பயமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்வேன். இப்போது பயமாக இல்லை.

அம்மா